ஐந்து படி ஏறி வரவும்

வீட்டுக்கு வழி கேட்டு யார் போன் செய்தாலும் மாமனார் சொல்லும் வழி மாறாது. பச்சை கேட், உள்ளே வந்தால் ஐந்து படி, ஏறி வந்து மணியடிக்கவும். வந்தவர்கள் பச்சை கேட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் ஐந்து படியைத் தேடிச் சிமென்ட் முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். ஏறுவதற்கு எதுவுமே காணோமே என்று அண்ணாந்து பார்த்தபடி நடந்து, வாசற்கதவருகே இருக்கும் ஒரே ஒரு பள்ளத்தில் காலை விட்டு, மணியடிக்காமலேயே வீட்டுக்குள் வந்து சேர்வார்கள். அவர்களைத் தூக்கி நிறுத்தி, தூசி தட்டி, நாற்காலியில் உட்கார வைப்பது மாப்பிள்ளையின் வேலை.

"அஞ்சு படின்னு சொன்னீங்களே?" என்று முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்பார்கள்.

"இருக்கே," என்பார் மாமனார். "அடியில இருக்கு."

அது பொய் இல்லை என்பதுதான் மாப்பிள்ளைக்கு எரிச்சல். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் அவர் அந்த வீட்டைக் கட்டியபோது வாசலில் ஐந்து கருங்கல் படிகள் இருந்தன. ஐந்தும் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். பிறகு தெருவுக்கு ரோடு போட்டார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, பழைய ரோட்டைச் சுரண்டாமல், அதன் தலைமேலேயே புது ரோடு. ரோடு உயர்ந்ததும் முற்றம் பள்ளமாகிவிடும், ஸ்கூட்டரை வெளியே தள்ள முடியாது. ஆகவே முற்றத்திலும் மண் கொட்டி உயர்த்திச் சிமென்ட் பூசுவார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு படி உள்ளே போகும். ஐந்து ரோட்டில் ஐந்து படியும் போயின. ஆறாவது ரோடு வந்தபோது புதைக்கப் படி மிச்சமில்லை. எனவே அது வீட்டுத் தரையையே பள்ளமாக்கிவிட்டுப் போனது.

ஆறு ரோட்டையும் போட்டது யாரோ எவரோ இல்லை. மாமனாரேதான். சாலைத் துறையில் அந்தப் பகுதிக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். தெருவில் எல்லாரும் அவரைத் தார் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாவது ரோடு, அவர் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன் தன் தெருவுக்கு அவர் கொடுத்த பிரிவுப் பரிசு.

மாப்பிள்ளைக்குத் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. லிஃப்ட்டின் தரையும் மாடியின் தரையும் அரை விரற்கடை ஒட்டாமல் நின்றால்கூட, குடியிருப்பவர்கள் போன் போட்டு உயிரை எடுப்பார்கள். அப்படிப்பட்டவன் சாயங்காலம் வீடு திரும்பி, ஒரு வீடே ரோட்டுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி நிற்பதைப் பார்ப்பான். இதற்கு யாரும் போன் போடுவதில்லை. உறவுக்காரர்கள் அவனை வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி செய்தார்கள். குழியோடு மாப்பிள்ளை என்பதே சரி என்று அவன் தனக்குள் திருத்திக்கொள்வான்.

அவன் அங்கே குடியிருக்கக் காரணம் மனைவியின் தொழில். கீழ்த்தளத்து முன்னறைதான் அவளுடைய பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து அவள் பல் செட் செய்து கொடுப்பாள். பல்லைச் சுட்டெடுக்க ஒரு சின்ன ஃபர்னஸ், ஒரு பாலிஷ் மோட்டார், ஜன்னலோரம் நீள மேஜை, மூன்று பக்கச் சுவரிலும் அலமாரி. அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள். அந்த வட்டாரத்தில் வயதானவர்களின் வாய் எல்லாம் அங்கே வரிசையாகத் திறந்தபடி இருக்கும். ஒவ்வொரு தாடையின் கழுத்திலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு, இன்னாருடைய வாய் என்று.

போன வருட மழையில் தண்ணீர் தெருவில் நிற்கவில்லை. தார் ஐயாவின் தெருவில் தண்ணீர் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. அது நேராக வீடுகளுக்குள் போய் நின்றது. நனைந்த மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வெளியே ஓடிவந்து காய்ந்த ரோட்டில் நின்றார்கள். நின்றவர்களில் ஒருவர், ரோடுன்னா இதுல்ல ரோடு என்று தார் ஐயாவைப் பாராட்டவும் செய்தார். அதைக் கேட்டபோது மாப்பிள்ளையின் தலையில் ஃபர்னஸ் இருந்தது.

பட்டறையில் முழங்காலளவு தண்ணீர். ஃபர்னஸைக் காப்பாற்றினான், மோட்டாரைக் காப்பாற்ற முடியவில்லை. கீழ் இரண்டு தட்டுத் தாடைகளும் ஊறி மழுங்கின. நூல் அவிழ்ந்து சீட்டுகள் மட்டும் தனியாக மிதந்தன. வாய்கள் இங்கே, பெயர்கள் அங்கே. மூன்று மாதம் அவள் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, உங்களுக்கு இடது பக்கம் கடைவாய் எத்தனை இருந்தது என்று விசாரித்தாள். ஒருவருடைய பல்லை இன்னொருவர் போட்டுப் பார்த்து, பரவாயில்லை இதுவே இருக்கட்டும் என்று எடுத்துப் போனதும் நடந்தது. டாக்டர்களில் இரண்டு பேர் வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த மூவரும், இன்னொரு தடவை இப்படி ஆனால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

மாமனாரின் மேல் பல் செட்டும் அன்று ரிப்பேருக்காக மேஜையில் இருந்தது. பிறகு அவரது அச்சு என்று நினைத்த ஒன்றை வைத்து மகள் புதிதாகச் செய்து கொடுத்தாள். அன்றிலிருந்து அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் டக், டக் என்று ஒரு சத்தம். சரியா இருக்காப்பா என்று அவள் கேட்டால், கச்சிதம் என்பார். டக்.

ஏனென்றால் அவர் கணக்கில் போன வருடம் வெள்ளமே வரவில்லை. மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது, அவ்வளவுதான். அதை அவர் வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. வீட்டு இன்சூரன்ஸ்காரர்களுக்குக் கையெழுத்துப் போட்டு எழுதியும் கொடுத்தார். அந்தப் பழைய பாலிசியில் குழாய் உடைந்தால், தொட்டி வழிந்தால், கூரை ஒழுகினால் நஷ்டஈடு உண்டு. தரையோடு வெளியிலிருந்து வரும் தண்ணீருக்குக் கிடையாது. மேலேருந்து வந்தா எங்க தண்ணி, வாசல் வழியா வந்தா அது எங்க தண்ணி இல்ல என்று ஆபீஸ் குமாஸ்தா விளக்கினார். பார்வையிட வந்த ஆள் சுவரில் சேற்றுக் கோட்டைப் பார்த்தார், சோபாவுக்கடியில் கிடந்த யாருடையதோ ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், செருப்பில் உட்கார்ந்திருந்த தவளையைப் பார்த்தார். தொட்டியில் வளர்க்கிறீர்களா என்று கேட்டார். மாமனார் யோசித்து, தெரியவில்லை, மேலே ஏறிப் பார்த்து நாளாகிறது என்றார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இந்த வருடம் மழைக்கு ஆறு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை வெள்ளத்துக்கென்றே தனியாக இருக்கும் பாலிசியின் படிவத்தை வாங்கி வந்தான். கட்டடத்துக்கும் உண்டு, உள்ளே இருக்கும் பொருளுக்கும் உண்டு. ஃபர்னஸ், மோட்டார், தாடை எல்லாவற்றுக்கும். ஒரே நிபந்தனை, வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டு முப்பது நாள் கழிந்த பிறகுதான் பாலிசி உயிர் பெறும். மேகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவருகிறவர்களுக்காக வைத்த கெடு அது என்றார் அதே குமாஸ்தா. ஆக இரண்டு வாரத்துக்குள் மாமனார் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் அடுத்த மழைக்குப் பட்டறை மிஞ்சாது, மிஞ்சியிருக்கும் மூன்று டாக்டர்களும் மிஞ்ச மாட்டார்கள். மனைவி அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நகரத்தின் வேறு மூலையில் வாடகைக்கு ஒரு அறை பார்த்துவிட்டு வந்தாள், அவ்வளவுதான். அந்த அறை மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை.

மாமனார் மறுப்புச் சொல்லாமல் படிவத்தை வாங்கிக்கொண்டபோதே மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் காலை பூர்த்தி செய்து, மடித்து, கவரில் போட்டு நீட்டினார். ஏழாவது கேள்வி: ரோட்டு மட்டத்திலிருந்து வீட்டின் கீழ்த்தளம் எவ்வளவு உயரம். பதில்: ஐந்து படி, எழுபத்தைந்து சென்டிமீட்டர், மேலே.

"மாமா, இது தப்பு."

"எது தப்பு? அஞ்சு படி இல்லையா? தோண்டிப் பாரு."

"ரோட்டுலேருந்து எவ்வளவுன்னு கேக்கறாங்க. எந்த ரோட்டுலேருந்து?"

"நான் வீடு கட்டினப்ப இருந்த ரோட்டுலேருந்து. அதுதான் ரோடு. மத்ததெல்லாம் அது மேல போட்டது."

மாப்பிள்ளை பொறுமையாகத்தான் சொன்னான். தப்பாக எழுதினால் இன்று யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், பாலிசியும் கொடுத்துவிடுவார்கள். வெள்ளம் வந்து, நஷ்டஈடு கேட்டு நாம் போய் நின்ற பிறகுதான் அளவுகோலை எடுத்துக்கொண்டு வருவார்கள். அப்போது எழுபத்தைந்து மேலே என்று எழுதியவர் கீழே இருந்தால் கட்டிய பணமெல்லாம் வீண். மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேஜையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்தார். இன்சூரன்ஸ் கம்பெனியே படிவத்தோடு கொடுத்த வெள்ள அபாய வரைபடம். ஆபத்தான இடங்கள் கருநீலம், சுமாரானவை இளநீலம். நடுவில் அவர்கள் தெரு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"பாத்தியா மாப்ள? கம்பெனிக்காரனே ஒத்துக்கறான். ஊர்லயே மேடான தெரு." டக்.

மாப்பிள்ளை அன்று வேலைக்குப் போய் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட் கூரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தான். பிறகு இறங்கி வந்து புதிதாக ஒரு படிவம் வாங்கினான். ஏழாவது கேள்வியைக் காலியாக விட்டு, அளவு உறுதியாகத் தெரியாதவர்கள் சர்வேயரை அழைக்கலாம் என்றிருந்த கட்டத்தில் டிக் போட்டான். போட்டதை மாமனாரிடம் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னான்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?" என்றாள்.

"சனிக்கிழமை தெரியும்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சர்வேயர் அம்மா வந்தார். ஐம்பது வயது, தோளில் அளவுக்கருவியின் முக்காலி, கையில் கோடு போட்ட நீளக் கம்பு. வழி கேட்டுப் போன் செய்திருந்தும் விழாமல் உள்ளே வந்த முதல் ஆள் அவர்தான். கேட்டருகே நின்று தரையைப் பார்த்து, பள்ளத்தைப் பார்த்து, நிதானமாகக் காலை எடுத்து வைத்து இறங்கினார். மாப்பிள்ளைக்கு அப்போதே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

மாமனார் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். மகளின் பட்டறையில் புது பாலிஷ் மோட்டாரின் சத்தம் நின்றது. பிறகு மாமனார், வந்தவர் தொழில் தெரிந்தவர் என்பதால், கருவியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பதில் சரியாக இருந்ததால் குடையை எடுத்து வந்து அவருக்குப் பிடித்தார். அளந்து முடிக்க அரை மணி நேரம் ஆனது.

"தரை ரோட்டுக்குக் கீழ இருபத்தோரு சென்டிமீட்டர் சார்."

வரைபடத்தை நீட்டினார் மாமனார். அது ரோட்டு உயரத்தை வைத்துப் போட்ட படம், ரோட்டுக்குத்தான் அது பொருந்தும், உங்கள் ரோடு மூழ்காது, வீட்டைப் பற்றி அந்தப் படத்துக்கு ஒன்றும் தெரியாது என்றார் சர்வேயர் அம்மா. மாப்பிள்ளை அதை ஒரு தட்டியில் எழுதிக் கேட்டில் மாட்டலாமா என்று நினைத்தான்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மாமனார், கட்டும்போது எழுபத்தைந்து மேலே இருந்தது, ஐந்து படி, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். சர்வேயர் அம்மா எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரலால் கோடு பார்த்தார்.

"சாலைத் துறை ரெக்கார்டு சார் இது. இந்தத் தெருவுக்கு ஆறு தடவை ரோடு போட்டிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் அஞ்சு சென்டிமீட்டர். மொத்தம் முப்பது. உங்க வீடு எழுபத்தஞ்சு மேல இருந்திருந்தா, இன்னிக்கும் நாப்பத்தஞ்சு மேல இருக்கணும். இருபத்தொண்ணு கீழ இருக்கு. நடுவுல அறுபத்தாறு காணோம்."

சர்வேயர் அம்மா தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"அப்படின்னா ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, அஞ்சு படியே இருந்திருக்காது. இல்லைன்னா, வீடு அறுபத்தாறு சென்டிமீட்டர் உக்காந்திருக்கு. உக்காந்த வீட்டுக்கு எங்க கம்பெனி பாலிசி குடுக்காது சார். நான் எழுதித்தான் ஆகணும்."

 டிக் போட்டவன் மாப்பிள்ளை. கள்ளக்கணக்கோடாவது கிடைத்திருக்கக்கூடிய ஒரு பாலிசியை நேர்மையாக இருந்து கெடுத்துவிட்டோமே என்று, பட்டறை வாசலில் வந்து நின்ற மனைவியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவன் முக்காலியின் கால்களைப் பார்த்தான்.

மாமனார் முதலில் வீடு உட்கார்ந்தது என்ற சொல்லோடு சண்டை போட்டார். அஸ்திவாரம் எட்டடி, ஒரு சுவரில் ஒரு முடி அளவு விரிசல் காட்டுங்கள் என்றார். சர்வேயர் அம்மா சுற்றிப் பார்த்து, விரிசல் இல்லைதான், அப்படியானால் படிதான் பொய் என்றார். படி பொய் என்றதும் மாமனார் கடப்பாரையைக் கொண்டு வரச் சொன்னார். கொண்டு வந்தது மாப்பிள்ளை. தோண்டியதும் மாப்பிள்ளைதான். சனிக்கிழமை, லீவு நாள், உச்சி வெயில். மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சிமென்ட்டுக்குக் கீழே மண், மண்ணுக்குக் கீழே முந்தைய சிமென்ட், அதற்குக் கீழே அதற்கு முந்தைய மண். மாப்பிள்ளை தன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்த முற்றங்களுக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தான். இரண்டு மணிக்கு முதல் கருங்கல் தட்டுப்பட்டது. நாலு மணிக்கு ஐந்தும் தெரிந்தன. வழவழவென்று, ஓரம்கூட உடையாமல். அவன் இடுப்பளவுக் குழியில் நின்று நிமிர்ந்தபோது வாசற்கதவு தலைக்கு மேலே உயரமாகத் தெரிந்தது. ஒரு கணம் அது கம்பீரமான வீடாகக்கூட இருந்தது.

சர்வேயர் அம்மா குழியில் இறங்கி ஐந்து படிகளையும் அளந்தார். பிறகு மாப்பிள்ளையைக் கேட்டடியில் ரோட்டோரத்தையும் வெட்டச் சொல்லி, அங்கே மண்ணோடு வெட்டுப்பட்டு நின்ற தார் அடுக்குகளைக் கம்பால் தொட்டார். கருப்பு, ஜல்லி, கருப்பு, ஜல்லி. அளவுநாடாவை வைத்துப் பார்த்து, மறுபடி வைத்துப் பார்த்தார்.

"சார், இது அஞ்சு இல்ல. பதினாறு. ஒவ்வொண்ணும் பதினாறு இருக்கு."

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து குழி ஓரத்துக்கு வந்தார்.

"நல்லாப் பாத்து எழுதுங்க. மூணாவதும் ஆறாவதும் பதினேழு. நாலாவதும் அஞ்சாவதும் பதினஞ்சு. அந்த ரெண்டு தடவையும் ஜல்லி சரியா வரலை."

"ரெக்கார்டுல அஞ்சுன்னு இருக்கே சார்?"

"எழுதினது அஞ்சு. போட்டது பதினாறு."

சர்வேயர் அம்மா பேனாவை இறக்கினார். இருபத்தைந்து வருட வேலையில், பதினாறு என்று எழுதி ஐந்து போட்டவர்களை நிறையப் பார்த்திருப்பதாகவும், ஐந்து என்று எழுதிப் பதினாறு போட்டவரை இன்றுதான் பார்ப்பதாகவும் சொன்னார். அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. மாமனார் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு தலையை லேசாக ஆட்டினார்.

"அப்பா," என்றாள் மகள். "மிச்சத் தாரும் ஜல்லியும் எங்கேருந்து வந்துச்சு?"

டக் சத்தம் மட்டும் கேட்டது. அவர் தெருப் பக்கம் திரும்பினார். கேட்டுக்கு வெளியே, பின்தெருவுக்குத் திரும்பும் முனையில், வழக்கம்போல ஒரு ஆட்டோ குழியில் இறங்கி ஏறிப் போனது. பின்தெருவில் சக்கரம் இறங்காத இடமே கிடையாது. அங்கே ரோடு போட்டால் ஒரு மழைகூடத் தாங்காது என்பதற்கு ஊரில் ஆயிரம் காரணம் சொல்வார்கள்.

"நம்ம தெருன்னு…" என்று ஆரம்பித்தார். "நல்லா இருக்கட்டும்னுதான் பாப்பா."

"நல்லா இருக்குப்பா," என்றாள் அவள். "ரோடு நல்லா இருக்கு."

மாப்பிள்ளை குழிக்குள்ளிருந்து மேலே பார்த்தபோது, அவர் முகத்தை அன்றுதான் முதல் தடவையாகக் கீழிருந்து பார்க்கிறோம் என்று தோன்றியது. சொல்வதற்கு, கல்யாணமானதிலிருந்து எட்டு வருடமாகச் சேர்த்து வைத்த வசனங்கள் அவனிடம் இருந்தன. சமயம் வாய்த்தபோது வாயில் மண் இருந்தது.

சர்வேயர் அம்மா நிலைமையைச் சொன்னார். படி உண்மை, வீடு உட்காரவில்லை, ரோடுதான் ஏறியிருக்கிறது. அதை எழுதினால் பாலிசி கிடைக்கும், ஆபத்து மிகுந்த வீடு என்ற பிரிவில், கட்டணம் கூடுதலாக. ஆனால் ரெக்கார்டுக்கும் அளவுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று அவரது ஆபீஸ் கேட்கும். ரோடு போட்டவரே கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால் போதும். அதைச் சாலைத் துறைக்கு அனுப்புவதெல்லாம் தன் வேலை இல்லை, ஆனால் காகிதம் காகிதம்தான், நாளைக்கு யார் எடுத்துப் படிப்பார்கள் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

மாமனார் படிவத்தை மகளின் மேஜையில் வைத்து உட்கார்ந்தார். சுற்றிலும் தாடைகள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஏழாவது கேள்வியில் வெகுநேரம் பேனா நின்றது. வீடு ஐந்து படி உயரம் என்று எழுதினால் அவர் ரோடு ஐந்து சென்டிமீட்டர் ரோடாகிவிடும். ரோடு பதினாறு என்று எழுதினால் வீடு குழியாகிவிடும்.

"கீழே, இருபத்தொண்ணு," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு தனித் தாளில் ஆறு ரோட்டுக்கும் ஆறு அளவு, வருடத்தோடு. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஒரு சென்டிமீட்டர் குறைச்சு எழுதக் கூடாது பாருங்க. அப்புறம் நான் திருடினதா ஆயிடும்."

அன்றிலிருந்து முப்பது நாள்.

கேட்டடியில் வெட்டியதை மாப்பிள்ளை மூடினான், படிக்குழியை மூட மாமனார் விடவில்லை. இத்தனை வருடம் கழித்து வெளிச்சம் பார்த்த படிகள், இருக்கட்டும் என்றார். மாப்பிள்ளை வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டு, இரண்டு பக்கமும் கயிறு கட்டினான். சும்மா கிடக்கும் குழி சும்மா கிடக்க வேண்டாமே என்று, லிஃப்ட் குழிகளில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்ப் ஒன்றை வேலை செய்யும் இடத்தில் கேட்டு வாங்கி வந்து, குழியின் அடியில் இறக்கினான். குழாயைப் பின்தெருச் சாக்கடையில் விடப் போனபோது மாமனார் தடுத்தார். அவர்களுக்கு ஏற்கெனவே நான் செய்தது போதும் என்றார். கால்வாய் வரை போக மூன்று மடங்கு குழாய் தேவைப்பட்டது. அதையும் மாப்பிள்ளைதான் வாங்கி வந்தான்.

மழை அந்த முப்பது நாளும் கழிந்துதான் வரவேண்டியது. அது படிவம் எதையும் படிக்கவில்லை. இருபத்தாறாம் நாள் காலையிலேயே வந்துவிட்டது.

இன்னும் நாலு நாள். மாப்பிள்ளை லீவு போட்டான். மனைவி கீழ்த்தட்டுத் தாடைகளைக் கூடையில் அடுக்கி மாடிக்கு அனுப்பினாள். இந்தத் தடவை எல்லாத் தாடையிலும் பெயரைக் கத்தியால் செதுக்கியிருந்தாள். ரோட்டிலிருந்து வழிந்த தண்ணீர் முற்றத்தைக் கடந்து, வழக்கம்போல வாசலை நோக்கி நடந்து, குழியைக் கண்டு அதில் இறங்கியது. பம்ப் உறுமியது. மாமனார் பலகைமேல் நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்துகொண்டார். கேட்காமலேயே ஒரு மணிக்கு ஒரு தடவை அறிக்கை கொடுத்தார்.

"ரெண்டாவது படி, விளிம்பு."

"மூணாவது படி, பாதி."

ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யாரும் அளவு கேட்டதில்லை. குரலில் ஆபீஸ் வந்துவிட்டது. இருபத்தெட்டாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது, தண்ணீர் ஒரே மூச்சில் நாலாவது படிக்கு ஏறியது. மாப்பிள்ளை வாளியால் மொண்டு கொட்டினான், முற்றத்தில் கொட்டிய தண்ணீர் மரியாதையாகத் திரும்பி வந்து அதே குழியில் இறங்கியது. மூன்று பேரும் சங்கிலியாக நின்று மதில் தாண்டி ஊற்றினார்கள். இந்த மனுஷன் நாலே நாலு ரோட்டோடு ரிடையர் ஆகியிருக்கக் கூடாதா என்று மாப்பிள்ளை நினைத்தான். நினைத்தது வாய்வழியாக வந்துவிட்டது.

"சீக்கிரம் ஊத்து மாப்ள," என்றார் மாமனார். "ஆபீஸ் நேரத்துல பேச்சு வேண்டாம்."

கரண்ட் வந்தது. இருபத்தொன்பதாம் நாள் ஐந்தாவது படியின் மேல்முகம் நனைந்தது. அதற்கு மேலே வாசல்தான். தண்ணீர் அங்கேயே நின்றது. முப்பதாம் நாள் மழை தூறலாகி, பிறகு அதுவும் ஓய்ந்தது.

முப்பத்தோராம் நாள் காலை எட்டு மணிக்கு மாப்பிள்ளையின் போனில் கம்பெனிச் செய்தி வந்தது. இன்று முதல் உங்கள் வீடு பாதுகாக்கப்படுகிறது. வானம் துடைத்து வைத்ததுபோல நீலமாக இருந்தது. செய்தியைப் படித்துக் காட்டினான். மாமனார் வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, இனிமேல் வந்தால் என்னவாம் என்று வானத்தைக் கேட்டார். கட்டணம் கட்டியவர் குரல் அது.

பிறகு பலகை வழியே உள்ளே போனவர் நேராகப் பட்டறைக்குப் போனார். மேல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைத்து மகளின் மேஜையில் வைத்தார்.

"இது என் பல்லு இல்ல பாப்பா."

"எப்பலேருந்துப்பா?"

"அந்தத் தொட்டி…" என்று தொடங்கி நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே ஐந்து படிகளில் மூன்று தெரிந்தன. "போன வருஷ வெள்ளத்துலேருந்து."

 அவள் கிண்ணத்தில் அச்சுப் பசையைக் கலக்கினாள். கலக்கியபடியே, அப்படியானால் உங்கள் பல் இப்போது யார் வாயில் இருக்கிறது என்று யோசித்தாள். குறை சொல்லாமல் எடுத்துப் போனவர்களை விரல் விட்டு எண்ணினாள். விரல் போதவில்லை.

மாமனார் வாயைத் திறப்பதற்கு முன் வாசலில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். "மாப்ள, பல்லுக்கு இந்தப் பாலிசியில ஏதாவது வருமா? வெள்ளத்துல போனதுதானே."

"போன வருஷத்துப் பல்லுக்கு வராது மாமா. போன வருஷம் வெள்ளமே வரலைன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்திருக்கீங்க."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மகள் பசை நிரம்பிய தட்டை உள்ளே வைத்து, மூணு நிமிஷம் அசையக் கூடாது என்றாள். எட்டு வருடத்தில் முதல் தடவையாக மாப்பிள்ளை சொன்னதற்கு மறுவார்த்தை வரவில்லை. அந்த மூன்று நிமிடத்தை முழுதாக அனுபவிக்க நினைத்தான். அதற்குள் போன் அடித்தது. கூரியர்காரர், புது ஆள். வீட்டுக்கு வழி கேட்டார்.

"பச்சை கேட்," என்றான் மாப்பிள்ளை. "உள்ள வந்தா ஒரு பலகை இருக்கும், அது மேல நடந்து வாங்க."

மாமனார் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தபடி வலது கையைத் தூக்கினார். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். மாப்பிள்ளை பார்க்காததுபோல் இருந்தான். அவர் கையை இறக்கவில்லை.

"அப்புறம்," என்றான் போனில், மூச்சை இழுத்து விட்டு, "அஞ்சு படி இருக்கும். பாத்துட்டு வாங்க. அதுல மட்டும் காலை வச்சுடாதீங்க."